கார்டும் மானிட்டரும் ஒரே நாளில் மாறியபின்: காட்பாடியில் ஒரு கேமிங் பிசியைச் சரிசெய்த அனுபவம்

கிராபிக்ஸ் கார்டையும் மானிட்டரையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், அதன்பின் வரும் எந்தக் கோளாறுக்கும் முதல் சந்தேகம் கார்டின் மேல்தான் போகும். காசு அதிகம் போனது அதற்குத்தானே. காட்பாடி காந்தி நகரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் ஓடும் ஒரு பிசியில் ஒரு வாரம் நடந்த வேலையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கடைசியில் கார்டில் ஒரு குறையும் இல்லை. கரண்டும் கேபிளும் செட்டிங்ஸும் சித்திரை வெயிலும் சேர்ந்து செய்த வேலை அது. கார்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவுக்கு ரயில் ஏறும் முன் இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது.

மெஷின் விவரம்: ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, ஐந்து வருடம் ஓடிய 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்குள் இருக்கும் பவர் சப்ளை), 600 விஏ யுபிஎஸ் (கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி). பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1650. பழைய மானிட்டர் 1080பி, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் மாறும்). புதிதாக வந்தவை ஆர்டிஎக்ஸ் 4070, 27 அங்குல 1440பி 165 ஹெர்ட்ஸ் மானிட்டர்.

முதல் வேலை, இரண்டு மாற்றத்தையும் பிரிப்பது. பழைய மானிட்டரைத் தூக்கி ஓரம் வைத்துவிடாதீர்கள். புதுக் கார்டில் பழைய மானிட்டரை மாட்டி ஒரு நாள் ஓட்டுங்கள். அப்போதும் கோளாறு வந்தால் அது கார்டு, எஸ்எம்பிஎஸ், டிரைவர் பக்கம். வரவில்லை என்றால் புது மானிட்டர், அதன் கேபிள், அதன் செட்டிங்ஸ் பக்கம். இந்த ஒரு நாள் பாதித் தேடலை மிச்சம் பிடித்துக் கொடுத்தது.

ஆன் செய்ததும் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் பெரும்பாலும் சின்ன விஷயம்தான். கேபிள் போர்டின் ஹெச்டிஎம்ஐயில் செருகியிருக்கும். 5600 போன்ற பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் போர்டின் போர்ட்டில் எதுவுமே வராது. கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். அடுத்தது பவர் கேபிள். 1650 வெறும் 75 வாட் கார்டு. இந்த மாடல் ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொண்டது, தனிக் கேபிள் தேவைப்படவில்லை. 4070க்கு 200 வாட் வேண்டும். இந்த மாடலில் ஒரு 8 பின் சாக்கெட். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் முனை 6+2 என்று இரண்டு துண்டாக இருக்கும். 2 பின் துண்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன மேடு உண்டு. அது 6 பின் துண்டோடு கோத்து உட்கார்ந்தபின் இரண்டையும் சேர்த்து ஒரே அழுத்தாக உள்ளே தள்ள வேண்டும். தனித்தனியாகத் தள்ளினால் 2 பின் பாதியில் நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலால் இழுத்துப் பாருங்கள். லாக் விழுந்திருந்தால் அசையாது. பிராசசருக்குப் போகும் 4+4 முனையும் இதே மாதிரி இருக்கும். அதை இங்கே அழுத்தித் திணிக்கவே கூடாது, உள்ளே வயர் வரிசை வேறு.

இனி பெரிய தலைவலி. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொட்டென்று எல்லாம் அணைந்தது. இதில் எது அணைந்தது என்று கவனிப்பதுதான் முக்கியம். பிசி, மானிட்டர் இரண்டும் ஒரே நொடியில் போனால் யுபிஎஸ். பிசி மட்டும் நின்று, மானிட்டரில் சிக்னல் இல்லை என்று வந்தால் எஸ்எம்பிஎஸ். ஃபேன் சுற்றுகிறது, கேமின் சத்தமும் வருகிறது, திரை மட்டும் கருப்பு என்றால் கேபிள் அல்லது டிரைவர். இந்த மெஷினில் முதல் இரண்டும் மாறி மாறி வந்தன. அதனால்தான் குழப்பம்.

யுபிஎஸ் கணக்கு எளிது. 600 விஏ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் இந்த வகையில் கிடைப்பது 360 வாட்தான். கார்டு 200, பிராசசர் 76 வரை, போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50 என்று வைத்தால் 326. எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாகும் பங்கையும் சேர்த்தால் சுவரிலிருந்து 380க்குப் பக்கம். மானிட்டருக்கு இன்னும் 35. பழைய கார்டோடு இதே யுபிஎஸ் தாங்கியது, ஏனென்றால் அப்போது மொத்தமே 250ஐத் தாண்டாது. இப்போது கரண்ட் போன அந்த நொடியே ஓவர்லோட், ஒரு பீப், எல்லாம் கருப்பு. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி யுபிஎஸ் பேட்டரிக்குத் தாவும்போதும் இதே கதைதான். 1100 விஏ, 660 வாட் யுபிஎஸ் வைத்தபின் இந்தப் பாதி தீர்ந்தது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அது சைன் வேவ் வகைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்கொயர் வேவில் இப்போதைய எஸ்எம்பிஎஸ்கள் சில அப்படியே அணைந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் ஓட்டிப் பார்த்தோம். இப்போது பிசி மட்டும் அணைந்தது. பின்னால் இருக்கும் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் விட்டுப் போட்டால்தான் மறுபடி எழுந்தது. எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணையும்போது இப்படித்தான் நடக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு மட்டும் இருந்தது, பக்செக் கோடு 0. அதாவது விண்டோஸ் தடுக்கி விழவில்லை, கரண்ட்தான் போயிருக்கிறது. இதை உறுதிசெய்யக் காசில்லாத வழி ஒன்று உண்டு. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கினால் கார்டு 140 வாட்டைத் தாண்டாது. அப்படி மூன்று மணி நேரம் ஓட்டியும் அணையவில்லை. மறுபடி 100 வைத்ததும் இருபதாவது நிமிடத்தில் போயிற்று.

கூட்டிப் பார்த்தால் 450க்குள் அடங்குகிறதே, ஏன் போகிறது என்று கேட்கலாம். 200 வாட் என்பது சராசரி. மில்லிசெகண்ட் அளவில் கார்டு அதற்கு மேலே எகிறி இறங்கும். ஐந்து வருடம் சூட்டில் கிடந்த கெபாசிட்டர்களால் அந்த எகிறலைத் தாங்க முடிவதில்லை. கார்டின் சிப்பைச் செய்யும் என்விடியா இந்தக் கார்டுக்கு 650 வாட் சொல்வதன் காரணமும் இதுதான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம். அதனால் இங்கேயும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினோம். புது எஸ்எம்பிஎஸ் மாட்டும்போது ஒரு எச்சரிக்கை: மாடுலர் வகை (கேபிள்களைத் தனியே கழற்றக்கூடியது) என்றால் பழைய கேபிள்களை அப்படியே விட்டு, எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றாதீர்கள். கார்டு பக்க முனை ஒன்றுபோல இருக்கும், எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தவறினால் எஸ்எஸ்டி, போர்டு, கார்டு எது வேண்டுமானாலும் கருகலாம்.

கையோடு எர்த்தையும் பார்த்துவிட்டோம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில் கை பட்டால் சுருக்கென்று இருக்கும். எர்த் இல்லாதபோது எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர், மெயின்ஸில் பாதி வோல்டேஜைக் கேபினட்டில் நிறுத்தும். கரண்ட் மிகக் குறைவுதான், ஆனாலும் அந்த நிலையில் ஹெச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் போர்ட் போகலாம். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. மீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மானிட்டர் பக்கம் வருவோம். 165 ஹெர்ட்ஸ் வாங்கிவிட்டு 60லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. விண்டோஸ் தானாக ஏற்றிவிடுவதில்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் நாமே மாற்ற வேண்டும். அந்தப் பட்டியலில் 165 இல்லை, 144தான் கடைசி என்றால் ஹெச்டிஎம்ஐயில் மாட்டியிருக்கிறீர்கள். மானிட்டரின் ஹெச்டிஎம்ஐ 2.0, அதன் உண்மையான கொள்ளளவு 14.4 ஜிகாபிட். 1440பியில் 165 ஹெர்ட்ஸுக்கு 8 பிட் நிறத்தில் படப் புள்ளிகளுக்கு மட்டுமே 14.6 வேண்டும். வாளி சின்னது. ஹெச்டிஎம்ஐக்கு மாற்றாக உள்ள டிஸ்ப்ளே போர்ட் 1.4க்கு 25.9 வரை உண்டு. டிஸ்ப்ளே போர்ட்டிலும் 165 வரவில்லை என்றால் மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து, டிஸ்ப்ளே போர்ட் வெர்ஷன் 1.1 என்று நிற்கிறதா என்று பாருங்கள். ஹெச்டிஎம்ஐயில் நிறம் வெளிறித் தெரிந்தால் என்விடியா பேனலில் டைனமிக் ரேஞ்சை லிமிடெட்டிலிருந்து ஃபுல்லுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்து, சீலிங் ஃபேன் சுவிட்சைப் போடும்போதெல்லாம் திரை ஒரு நொடி கருத்துத் திரும்பி வந்தது. இதற்காக டிரைவரை நான்கு முறை மாற்றியது வீண் வேலை. சுவிட்ச் போடும்போது எழும் தீப்பொறியின் இரைச்சல், கவசம் சரியில்லாத கேபிளில் ஏறுகிறது. 60 ஹெர்ட்ஸில் கேபிளுக்குச் சுமை குறைவு, அதனால் அப்போது தெரியவில்லை. தனியாக வாங்கிய 3 மீட்டர் கேபிளை எடுத்துவிட்டு டிபி8கே (டிஸ்ப்ளே போர்ட் தரச் சான்று) முத்திரை உள்ள 1.5 மீட்டர் கேபிள் போட்டதும் நின்றது. மலிவான டிஸ்ப்ளே போர்ட் கேபிள்கள் சிலவற்றில் 20ஆவது பின்னையும் இணைத்திருப்பார்கள், இணைத்திருக்கக் கூடாது. மானிட்டரிலிருந்து 3.3 வோல்ட் கார்டுக்குள் திரும்பி வந்து, பிசி ஆன் ஆவதிலேயே தகராறு செய்யும்.

கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுக விடும் ரீசைஸபிள் பார் வசதியை ஆன் செய்யப் போய்தான் விண்டோஸே எழாமல் நின்றது. அதற்குப் பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) அபவ் 4ஜி டிகோடிங் ஆன், சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் ஆக விடும் வசதி) ஆஃப் இருக்க வேண்டும். பழைய விண்டோஸ், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் இருந்தால் சிஎஸ்எம் இல்லாமல் எழாது. பயப்பட வேண்டாம், சிஎஸ்எம்மை மறுபடி ஆன் செய்தால் எழும். முக்கியமான ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, விண்டோஸில் கூடவே வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் முதலில் வேலிடேட், பிறகு கன்வெர்ட், அதன்பின் சிஎஸ்எம் ஆஃப். பயாஸ் அப்டேட் தேவைப்பட்டால் யுபிஎஸ் மேல் வைத்து மட்டும் செய்யுங்கள். மாதப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் தொடவே வேண்டாம். அப்டேட் முடிந்ததும், ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங் அணைந்துவிடும். இங்கே 3200ல் ஓடிய ரேம் சத்தமில்லாமல் 2400க்கு இறங்கி, புதுக் கார்டு மந்தமாக இருக்கிறது என்ற எண்ணத்தைக் கிளப்பியது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும்.

எஃப்பிஎஸ் (கேமில் நொடிக்கு வரும் படங்கள்) 60க்கு மேல் ஏறவில்லை என்றால், பழைய மானிட்டருக்காக வைத்த லிமிட் ரிவாட்யூனர் சாஃப்ட்வேரிலோ கேமின் வி-சிங்க் செட்டிங்கிலோ இன்னும் உட்கார்ந்திருக்கும். டிரைவர் மாற்றிய முதல் சில நிமிடத் திக்கல், ஷேடர் என்ற சின்னப் புரோகிராம்கள் புதிதாகக் கம்பைல் ஆவதால் வருவது, தானாகப் போகும்.

சூடு. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி, மாடி அறையில் பிற்பகல் 37. இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் உச்சம் 90. மூடிய கேபினட்டில் 82 காட்டியது, பக்கக் கதவைத் திறந்ததும் 72க்கு இறங்கியது. பத்து டிகிரி இறங்கினால் குறை கார்டில் இல்லை, கேபினட்டுக்குள் காற்று வரவில்லை. முன்பக்க ஃபில்டரைக் கழற்றினால் பாலாற்றுக் காற்றின் நுண்மணல் மாவு சலித்தது போல அப்பியிருந்தது. துலக்கி, முன்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று கூட்டியதும், கதவை மூடியே 74ல் நின்றது. புளோயர் அடிக்கும்போது கார்டின் ஃபேன்களை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போகும்.

கடைசியாக மிஞ்சியது, முக்கியமாக லோடிங் திரைகளில், வெளிச்சம் துடிப்பது. ஜி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டரின் ஹெர்ட்ஸை மாற்றும் வசதி) ஆன் செய்த விஏ வகைத் திரைப் பேனல்களில் (யுபிஎஸ்ஸின் விஏ வேறு) இது சகஜம். எஃப்பிஎஸ் 48க்குக் கீழே இறங்கி ஏறும்போது மானிட்டர் ஹெர்ட்ஸைத் தாவித் தாவி மாற்றுகிறது, பேனலின் பிரகாசம் அதோடு ஆடுகிறது. உச்சத்தை 160ல் நிறுத்தி, செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்து, எஃப்பிஎஸ் 70க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டதும் விளையாடும்போது துடிப்பே இல்லை. லோடிங்கில் இன்னும் லேசாக இருக்கிறது, அது பேனலின் குணம்.

எல்லாம் முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் முழு பவரில் ஓடியது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரில் பிசிஐஇ 3.0 எக்ஸ்16 (இந்தப் போர்டில் கிடைக்கும் முழு இணைப்பு), கார்டு 75 டிகிரி, ஈவென்ட் வியூவரில் புதிதாக 41 இல்லை. நடுவில் ஒருமுறை கரண்ட் போயிற்று. யுபிஎஸ் பீப் அடித்துக்கொண்டே ஆறு நிமிடம் தாங்கியது. கேமைச் சேவ் செய்து ஷட்டௌன் கொடுக்க அது போதும்.