செவலைக்கு ஒத்துக்கொண்ட சோறு

வடுவூர்ப் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருடத்துக்கு முன் குறுவை அறுப்பு நேரத்தில் களத்துமேட்டிலிருந்து என் மகன் தூக்கிவந்த குட்டிதான் செவலை. இப்போது 18 கிலோ. நாட்டுநாய்க்குக் கல்லைப் போட்டாலும் செரிக்கும் என்பார்கள். இவனுக்குச் சோறே செரிக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் கழிச்சல். வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம். விடியற்காலையில் மஞ்சளாக நுரை கக்கிவிட்டு, கொல்லையில் அருகம்புல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். விலா எலும்பை எண்ணலாம் போல ஆனபோதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

பயத்தில் தப்பான வேலை செய்தேன். சோற்றை ஒரேயடியாக நிறுத்திவிட்டுப் பாக்கெட் தீனி வாங்கினேன். அது ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் மறுநாளே வேறொன்று. ஒரு மாதத்தில் மூன்று மாற்றிவிட்டு, திரும்பச் சோற்றுக்கே வந்தேன். ஒரு தீனியிலிருந்து இன்னொன்றுக்குப் போக 7 முதல் 10 நாள் வேண்டும். முதலில் கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு. இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதிப் பாதி. அப்படியே மெல்ல ஏற்ற வேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நல்ல வயிறுள்ள நாய்கூட நான் செய்த மாதிரி செய்தால் தாங்காது.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். "மலம் கொண்டாந்தீங்களாம்மா?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். மறுநாள் காலையில் டப்பாவில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். கொக்கிப்புழு முட்டை இருந்தது. அந்தப் புழு குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஈர மண்ணில் நடக்கும் நாய்க்குப் பாதத்துத் தோல் வழியாகவே உள்ளே போய்விடும். எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் ஈர மண்தான். ஈறு வெளுத்திருந்ததற்கும் அதுதான் காரணம். மருந்து கொடுத்தோம், டாக்டர் சொன்ன நாளில் திரும்பவும் ஒரு தரம். பாதித் தொந்தரவு அதிலேயே அடங்கியது. தீனியைக் குறை சொல்லுமுன் மலத்தைச் சோதித்துவிடுங்கள். இருநூறு முந்நூறு கொடுத்துப் புதுப் பாக்கெட் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது அதுதான்.

மீதிப் பாதிக்கு டாக்டர் கேட்டது, "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறான்?" இரண்டு வேளைச் சோறு என்றேன். "வீட்ல எல்லாரும் என்ன போடுறாங்கன்னு எழுதிட்டு வாங்க."

அடுப்படிக் கதவில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். நாலு நாள் கழித்துப் படித்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. அப்பாயி காலையில் கொடுக்கும் ஒரு டம்ளர் பால். மகன் பள்ளிக்கூடம் போகுமுன் போடும் பிஸ்கட். மதியம் கோழிக் குழம்பு பிசைந்த சோறு. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலே எறியும் கோழிக்கால் எலும்பு. இரவு என் பங்கு.

பால் வேண்டாம் என்றதும் அப்பாயிக்கு மனசு கேட்கவில்லை. "வாயில்லா சீவன், பாத்துக்கிட்டே நிக்குதுடி. குடுக்காம எப்படிக் குடிக்கிறது?" என்றார். பால்குடி மறந்த நாய்க்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சத்து குறைந்துபோகும், மோர் என்றால் கொஞ்சம் தாங்கும் என்று விளக்கினேன். குழம்புச் சோறு அதைவிட மோசம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். அத்தையிடம் இதைச் சொன்னபோது அவரும் கலங்கிப்போனார். அன்றோடு எலும்பு நின்றது.

பிறகு சோதனைச் சாப்பாடு. அவன் இதுவரை தின்றிராத ஒரே ஒரு கறி, ஒரே ஒரு தானியம், மூன்று வாரத்துக்கு வேறெதுவும் கிடையாது. முள் குத்தும் என்று நாங்கள் அவனுக்கு மீன் போட்டதே இல்லை. அதனால் குளத்து ஜிலேபி மீன். கெண்டை போல சதைக்குள் பொடி முள் கிடையாது, விராலைவிட விலையும் குறைவு. உப்பு, மஞ்சள், எண்ணெய் எதுவுமில்லாமல் அவித்து, விரலால் தடவித் தடவி முள் எடுத்தேன். பொன்னி அரிசியைக் குழைய வடித்து, ஒரு கரண்டி அவித்த பரங்கிக்காய் மசித்துப் போட்டேன். ஒரே வயிற்றில் நிறையப் போடாமல் மூன்று வேளையாகப் பிரித்தேன். ஐந்தாம் நாள் மலம் கட்டியாக வந்தது. காலையில் நுரை கக்குவதும் நின்றது. அன்று நோட்டில் எழுதும்போது கண் கலங்கிவிட்டது எனக்கு.

மூன்று வாரம் முடிந்ததும் வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். முட்டை, சரி. மோர், சரி. கோழி போட்ட இரண்டாம் நாள் சளியோடு கழிச்சல். விட்டுவிட்டு, வயிறு தேறியபின் இன்னொரு தரம் போட்டேன். அதேதான்.

பழைய பாக்கெட்டுகளை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். முன்னால் ஆட்டுக்கறிப் படம் போட்டிருந்ததிலும் உள்ளே கோழித் தூள், கோழிக் கொழுப்பு. படத்தை நம்பி வாங்காதீர்கள், சேர்மானப் பட்டியலைக் கடைசி வரை படியுங்கள்.

முள்ளை எடுத்த மீனும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் போட்டால் சுண்ணாம்புச் சத்து இருக்காது. முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்துப் போடுகிறேன், கூடவே தாது உப்புக் கலவை. இரண்டுக்கும் அளவு டாக்டர் எழுதிக்கொடுத்தது. வளரும் குட்டிக்கு அளவே வேறு, கேட்காமல் போடக் கூடாது. இரவுக்கு மீன் மட்டும் சேர்ந்த பாக்கெட் தீனி, அதையும் பத்து நாள் எடுத்துத்தான் பழக்கினேன். மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பது, இவை இருந்தால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் ஓடுங்கள். குட்டி என்றால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு இப்போது இருக்கும் கவலை கோடைதான். வழக்கமாக ஜனவரி 28இல் மேட்டூர் அணையை மூடுவார்கள். பிறகு குளம் வற்றும், சித்திரை வைகாசியில் ஜிலேபி கிடைக்காது. அதற்குள் இன்னொரு கறி பழக்க வேண்டும் என்று இந்த வாரம் கொழுப்பை நீக்கிய ஆட்டுக்கறி கொஞ்சமாகப் போட ஆரம்பித்திருக்கிறோம். நோட்டில் மூன்று நாளாக "நல்லா இருக்கான்" என்று எழுதியிருக்கிறது. எழுதியது அப்பாயி.