வினிகரில் ஊறிய கோழி எலும்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆச்சி தன் மகனோடு காரைக்குடிக்கு வந்திருந்தாள் (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் வீட்டில் அக்காவைத்தான் ஆச்சி என்போம்). நாட்டுக்கோழி வாங்கி வந்தேன். இரண்டாங்கட்டில் உட்கார்ந்து அப்பத்தா அதைச் சுத்தம் பண்ணும்போது பார்த்தால், வயிற்றுக்குள் மஞ்சள் மஞ்சளாக, கோலிக்குண்டு அளவிலிருந்து கடுகு அளவு வரைக்கும், இன்னும் ஓடு கட்டாத முட்டைக் கருக்கள் சரமாகத் தொங்கின. "முட்டையிடுற கோழியப் போயி அறுத்திருக்கானே" என்று அப்பத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. பையன் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். 11 வயது, டைனோசர் என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். "அம்மான், டைனோசர் எலும்புக்குள்ள ரத்தக்குழாய் கெடச்சிருக்காமே, அப்ப டைனோசரத் திரும்ப உண்டாக்கிரலாம்ல?" என்றான்.

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொன்னேன். அது எனக்கே போதவில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அவன் சொன்னது உண்மைதான். அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் தோண்டி எடுத்த ஒரு டி. ரெக்ஸ் டைனோசர், வயது சுமார் 6.8 கோடி ஆண்டு. தொடை எலும்பைப் பிளாஸ்டர் கட்டோடு ஹெலிகாப்டரில் தூக்க முடியாத அளவுக்கு எடை, வேறு வழியில்லாமல் உடைத்தார்கள். உடைந்த துண்டுகள் மேரி ஷ்வைட்சர் என்கிற ஆய்வாளரிடம் போயின. எலும்பிலுள்ள தாதுப்பொருளை மட்டும் மெதுவாகக் கரைத்து எடுத்தபோது, கல்லாகிப்போன எலும்பில் அதற்கப்புறம் ஒன்றுமே மிஞ்சியிருக்கக் கூடாது, ஆனால் மிஞ்சியது. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு திசு, கிளை கிளையாகப் பிரியும் கண்ணாடி மாதிரியான குழாய்கள், அவற்றுக்குள் சிவப்பாக உருண்டையாக ஏதோ. 2005-இல் இது வெளியானபோது உலகமே பேசியது. அதே எலும்பின் உட்புறத்தில் இன்னொன்றும் இருந்தது. முட்டையிடும் காலத்தில் பெண் பறவைகளின் எலும்புக்குள் மட்டும் படியும் ஒரு தனி அடுக்கு உண்டு, ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு அதிலிருந்துதான் எடுக்கும். அது இந்த டி. ரெக்ஸிலும் தெரிந்தது. அதாவது அது பெண், முட்டையிடும் பருவத்தில் செத்திருக்கிறது. எங்கள் அப்பத்தா கையில் இருந்த கோழி மாதிரியே. இதைப் பையனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இத்தனை கோடி வருடம் எப்படித் தாங்கியது என்பதற்கு ஷ்வைட்சர் சொல்லும் விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரத்தத்தில் இருக்கும் இரும்பு. உயிர் போனதும் ரத்தத்திலிருந்து வெளிப்படும் இரும்பு, பக்கத்திலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று இறுகக் கட்டிப்போட்டுவிடுகிறது, உடலைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலின் செய்யும் வேலையைப் போல. தீக்கோழியின் ரத்தக்குழாய்களை இரண்டு விதமாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரில் போட்டது சில நாளிலேயே அழுகிவிட்டது, ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஊறியது அறை வெப்பத்திலேயே இரண்டு வருடம் கெடாமல் இருந்தது. இரும்பைத் துரு தின்னாமல் காப்பதையும் ஆராய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிற ஊரில் பிறந்தவன் நான், இரும்பு இன்னொன்றைக் காப்பாற்றும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்தக் குழாய்கள் பிற்காலத்தில் பாக்டீரியா படிந்து உண்டாக்கிய அச்சுகள்தான் என்று 2008-இல் ஒரு குழு எழுதியது. 2007-இல் அதே டி. ரெக்ஸ் எலும்பில் கிடைத்ததாகச் சொன்ன கொலாஜன் (எலும்புக்கு நெகிழ்வு தரும் புரதம்) துணுக்குகள் கோழியின் கொலாஜனோடு நெருங்கி வந்தன, அதிலும் கலப்படம் என்ற சந்தேகம் எழுந்தது. வாதம் இன்னும் ஓயவில்லை. என் வரைக்கும், மிஞ்சியிருப்பதில் ஒரு பங்காவது அந்த விலங்கினுடையது என்றுதான் நம்புகிறேன்.

சரி, பையன் கேட்ட திரும்ப உண்டாக்குவது, அதாவது குளோனிங். அதற்குப் புரதம் போதாது, டிஎன்ஏ வேண்டும், அதுவும் முழுசாக. நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த எலும்புகள் கிடந்த வெப்பத்தில் 521 வருடத்துக்கு ஒருமுறை டிஎன்ஏவின் பிணைப்புகளில் பாதி அறுந்துவிடும். மைனஸ் 5 டிகிரிக் குளிரில் வைத்திருந்தாலும் சுமார் 68 லட்சம் வருடத்தில் ஒரு பிணைப்புக்கூட மிஞ்சாது. டைனோசர்கள் போனது 6.6 கோடி வருடத்துக்கு முன்னால். 1994-இல் ஒரு குழு டைனோசர் டிஎன்ஏ கிடைத்துவிட்டது என்று அறிவித்து, கடைசியில் அது மனித டிஎன்ஏ என்று தெரிந்தது. கிரீன்லாந்து மண்ணிலிருந்து 20 லட்சம் வருடப் பழைய டிஎன்ஏவை எடுத்து 2022-இல் வெளியிட்டார்கள். அதுவே பெரிய சாதனை, டைனோசருக்கு இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் பாருங்கள். டிஎன்ஏ கிடைத்தாலும் எந்தத் தாயின் முட்டைக்குள் வைப்பது? கோழியையே இன்று வரை அந்த முறையில் குளோன் செய்ததில்லை, அத்தனை பெரிய மஞ்சள் கருவுக்குள் வேறொரு உயிரணுவின் உட்கருவை மாற்றி வைப்பது அவ்வளவு கஷ்டம்.

அழிந்த விலங்கு ஒன்று நிஜமாகவே திரும்பி வந்த கதை ஒன்று உண்டு, படிக்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும். ஸ்பெயின் பக்கம் பைரினீஸ் மலையில் புகார்தோ என்றொரு காட்டாடு. கடைசியாக மிஞ்சிய பெண்ணாட்டுக்கு செலியா என்று பெயர். 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. அதற்கு முந்தைய வருடமே அதன் காதிலிருந்து துளித் தோல் எடுத்து உறைய வைத்திருந்தார்கள். அந்த உயிரணுக்களின் உட்கருவை நாட்டு ஆட்டின் முட்டைகளில் மாற்றி, 57 ஆடுகளுக்கு வைத்து, 7 மட்டும் சினைபிடித்து, 2003 ஜூலையில் ஒரே ஒரு குட்டி உயிரோடு பிறந்தது. நுரையீரல் கோளாறு. மூச்சுவிடத் திணறி, சில நிமிடத்தில் போய்விட்டது. ஒரே இனம் இரண்டு முறை அழிந்தது என்று எழுதுகிறார்கள்.

2025 ஏப்ரலில், எப்போதோ அழிந்துபோன டயர் ஓநாய் திரும்பிவிட்டது என்று ஒரு நிறுவனம் படம் போட்டதே, அது சாம்பல் ஓநாயின் மரபணுத் தொகுப்பில் 20 இடங்களைத் திருத்திய குட்டிகள். இதை எப்படிச் சொல்வது? எங்கள் தெருவில் ஒரு பெரிய வீட்டை இடித்து, பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, ஜன்னல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு ஏற்றினார்கள். வேறு ஊரில் ஒருவர் அந்த நிலையைப் புது வீட்டில் வைத்திருக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் அந்த முகப்பும் பட்டாலையும், வளவு முற்றத்தில் விழுந்த மழையும், முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்து வழுவழுப்பாகப் பூசிய சுவரும் போனது போனதுதான்.

இதையெல்லாம்விட என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு, அது நம் ஊர்ப் பக்கத்தில் நடந்தது. புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகக் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் அரியலூர் போய்விடலாம். அந்த மாவட்டத்தில் கல்லமேடு என்று ஓர் ஊர். அங்கே கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருஹத்காயோசாரஸ் என்று ஒரு டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். பெரும் உடம்புள்ள பல்லி என்று அர்த்தம். கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம். அந்த அளவு சரியென்றால் தரையில் நடந்த உயிர்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று நம் தமிழ்நாட்டு மண்ணில் நடந்திருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் கிடந்து நைந்திருந்த எலும்புகள், எடுத்த பிறகு உதிர்ந்தே போய்விட்டன. நமக்கு மிச்சம் வரைபடங்களும் சில பழைய புகைப்படங்களும். அங்கே கேட்க வேண்டிய எத்தனை கேள்விகள் இருந்தன! குழாய் மிஞ்சியிருந்ததா, வயது என்ன, ஆணா பெண்ணா, ஒன்றையும் இனிக் கேட்க முடியாது. டைனோசரைத் திரும்பக் கொண்டுவருவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த 2 மீட்டர் எலும்புதான் கண் முன்னால் நிற்கிறது.

அன்று சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கோழியின் ஒரு கால் எலும்பைத் தனியே எடுத்து, கறியெல்லாம் சுரண்டிவிட்டு, ஒரு ஊறுகாய் பாட்டிலில் வினிகர் ஊற்றிப் போட்டு வைத்தோம். அவர்கள் ஊருக்குப் போனதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை நான்தான் மாற்றினேன். முதல் நாள் சின்னச் சின்னக் குமிழி விட்டது. ஆறாவது நாள் எடுத்து அழுத்தினேன், ரப்பர் மாதிரி வளைந்தது, விட்டால் திரும்பி நேரானது. சுண்ணாம்புச் சத்தெல்லாம் போய்க் கொலாஜன் மட்டும் நின்றுவிட்டது. ஷ்வைட்சர் எலும்பைக் கரைத்த முறையின் நாட்டு வடிவம் இது என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடியோ காலில் அவனுக்குக் காட்டினேன், அப்படியே அரியலூர் எலும்பு கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அம்மான், அதத் தூக்கிப் போட்ராதிய, பாட்டில்ல தேதி எழுதி வையிங்க" என்றான். தேதியோடு எழுதி ஒட்டினேன்: நாட்டுக்கோழி, பெண், முட்டையிடும் பருவம், இடது கால், காரைக்குடி. பாட்டில் இப்போது அப்பத்தாவின் மாவடு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.