மருந்து வாங்கும் முன் இறகுத்தண்டைப் பாருங்கள்

கோழிக்கு இறகு கொட்டினால் கை முதலில் பேன் மருந்துக்குத்தான் போகும். பல சமயம் அங்கே பேனே இருக்காது. இறகு தானாக உதிர்ந்ததா, ஒடிந்ததா, வேறொரு கோழி பிடுங்கியதா என்று பிரித்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

இருட்டிய பிறகு கோழி அடங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது பிடித்து, டார்ச் அடித்துத் தோலைப் பாருங்கள். தோல் சுத்தமாக இருந்து, உறை மூடிய புதுக் குருத்துகள் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அது இயல்பான உதிர்ப்பு. தண்டின் அடிக்கட்டை மட்டும் தோலில் நின்றால் ஒடிந்திருக்கிறது. அடிக்கட்டையும் இல்லை, ரத்தப் பொட்டு தெரிகிறது என்றால் பிடுங்கப்பட்டது. கொத்தும்போதும் சில இறகுகள் ஒடியும் என்பதால் இடத்தையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இயல்பான உதிர்ப்பு தலையிலும் கழுத்திலும் தொடங்கி முதுகு, மார்பு, இறக்கை, வால் என்று போகும். முதல் முழு உதிர்ப்பு பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றரை வயதுக்குள், பகல் நேரம் குறையும் காலத்தில் வரும். இரண்டு மூன்று மாதம் இழுக்கும்; முட்டையும் குறையும் அல்லது நின்றுபோகும். இதற்கு மருந்து கிடையாது, தீவனம்தான். இறகு ஏறக்குறைய முழுக்கப் புரதம். முட்டைக்கோழித் தீவனத்தில் 16 சதவீதம் புரதம் இருக்கும். இந்தச் சமயத்தில் 18 முதல் 20 வரை வேண்டும். தானியத்தையும் மிச்சச் சோற்றையும் அள்ளிப் போட்டால் அந்த விகிதம் சரிந்துவிடும். மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அவை வேண்டாம். குருத்து இறகில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். அடிக்கடி பிடித்துப் பார்க்காதீர்கள்.

முதுகு, பிடரி, தோள் மட்டும் மொட்டையா? சேவல் மிதிப்பதுதான் காரணம். ஒரு சேவலுக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைகள் இருக்க வேண்டும். அத்தனை இருந்தும் சேவல் தனக்குப் பிடித்த ஒன்றிரண்டையே விரட்டும். அந்தப் பெட்டைக்கு முதுகுத் துணி கட்டலாம். வாரம் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள், அதற்கடியில் பேன் குடியேறும். சேவலின் கால் முள் நுனியை மழுக்கிவிடுங்கள். மார்பு மட்டும் வெறுமையாக இருந்து, கோழி கூட்டைவிட்டு எழ மறுத்தால் அது அடைக்கோழி, விட்டுவிடலாம்.

எச்சத்துவாரத்தைச் சுற்றி இறகு கலைந்து கிடந்தால்தான் பேனையும் செள்ளையும் தேட வேண்டும். இறகை விலக்கியதும் வைக்கோல் நிறத்தில் விறுவிறுவென ஓடுவது பேன். தண்டின் அடியில் வெள்ளைக் கொத்தாக ஒட்டியிருப்பது அதன் முட்டை. இறகு கருத்து அழுக்கேறியது போலிருந்தால் உடம்பிலேயே வாழும் செள். சிவப்புச் செள் வேறு வகை: பகலில் கூண்டின் இடுக்கில் ஒளிந்து, இரவில் வந்து ரத்தம் குடிக்கும். உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கறை படிந்தால் அதுதான்.

கோழிக்கென விற்கும் 0.25 சதவீத பெர்மெத்ரின் தூளை, ஒரு கோழிக்கு நாலைந்து கிராம் கணக்கில், துவாரத்தைச் சுற்றியும் இறக்கைக்கு அடியிலும் தோல்வரை போகும்படி தூவுங்கள். மருந்து பேன், செள் முட்டைகளைக் கொல்லாது. ஏழு முதல் பத்து நாளில் மறுபடி தூவாவிட்டால் பொரித்து வந்தவை பழையபடி பெருகும். மருந்து வேலை செய்யவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் விஷம். பயிருக்கு அடிக்கும் அடர்மருந்தைக் கோழிமேல் கலக்கித் தெளிக்கவே கூடாது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தைக் கொடுப்பதானால் கோழி முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டபிறகே. சிவப்புச் செள்ளுக்குக் கோழியைவிடக் கூண்டுக்குத்தான் வைத்தியம்: கட்டைகளைக் கழற்றி, இடுக்குகளைச் சுரண்டிக் கழுவி, மருந்தடித்து, ஒரு வாரத்தில் திரும்பச் செய்யுங்கள். இந்தச் செள் தீனியில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், அதனால் காலிக் கூண்டையும் நம்பாதீர்கள்.

எல்லாவற்றிலும் தொல்லை பிடித்தது கொத்தல். வாலடியில் தொடங்கும். நெரிசல், புரதக் குறைவு, உப்புக் குறைவு, கடுமையான வெளிச்சம், சும்மா நிற்பது என்று பல காரணம் சேர்ந்தே வரும். கூண்டுக்குள் ஒரு கோழிக்கு நாலு சதுர அடி, வெளியே பத்து என்று இடம் கொடுங்கள். வீட்டில் கலக்கும் தீவனமானால் 100 கிலோவுக்கு 250 முதல் 300 கிராம் உப்பு சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அளவு மிகவும் மீறினால் உப்பே நஞ்சாகும். கீரைக் கட்டைத் தலைக்குமேல் தொங்கவிட்டால் அலகுக்கு வேலை கிடைக்கும். ரத்தம் வந்த கோழியை உடனே பிரித்து, லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த காய்ச்சி ஆறிய நீரில் காயத்தைக் கழுவுங்கள். கொத்துகிற கோழியையும் சில நாள் தனியே வையுங்கள். திரும்பி வரும்போது அதன் அதிகாரம் குறைந்திருக்கும். புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும், தினமும் பார்க்க வேண்டும்.

ஒடிந்த தண்டு தோலில் நிற்கும்வரை அந்தக் குழியில் புது இறகு முளைக்காது, அடுத்த உதிர்ப்புக்குத்தான் வரும். அதைப் பிடுங்கிவிட முயலாதீர்கள். வேரோடு போன இடத்தில் சில வாரத்தில் குருத்து தெரியும். பேனும் இல்லை, கொத்தலும் இல்லை, ஆனால் கோழி அரித்து அரித்துத் தன் இறகைத் தானே பிடுங்கினால், தோலுக்குள் இறகின் அடியில் துளைக்கும் செள்ளாக இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது; மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில்தான் பார்ப்பார். பிறவியிலேயே கழுத்தில் இறகில்லாத இனமும் உண்டு, அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம்.