தேவப்பிரயாகை முதல் மாணா வரை, அலக்நந்தாவோடு

பத்ரிநாத் யாத்திரையில் பெருமாள் சேவை கடைசியில்தான். ரிஷிகேசம் தாண்டியதுமே ஆறு தரிசனம் கொடுக்க ஆரம்பித்துவிடுகிறது. நாம் ஏறுவதோ ஆற்றுக்கு எதிர்த்திசையில். அதனால் ஆறுகள் கூடும் இடமான ஒவ்வொரு பிரயாகையிலும் கங்கையிலிருந்து ஒரு கிளை கழன்றுபோவதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

முதலில் தேவப்பிரயாகை. பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் இதுதான். ரகுநாதரைச் சேவித்துவிட்டுச் செங்குத்தான படிகளில் இறங்கினால் சங்கமம். கோமுகத்திலிருந்து வரும் பாகீரதி பச்சையாக, அலக்நந்தா வண்டலோடு கலங்கலாக. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் நடுவில் கோடு கிழித்தது போலத் தனித்தனியே ஓடுகின்றன. பாகீரதி தெளிவாக இருப்பதற்கு மேலே உள்ள டெஹ்ரி அணையும் ஒரு காரணம். வண்டல் அங்கேயே தங்கிவிடுகிறது. படித்துறையில் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதைப் பிடிக்காமல் முங்க முடியாது, இழுப்பு அப்படி. குளிரில் சங்கல்பம் பாதியிலேயே வாயில் நின்றுவிட்டது. நீரளவில் பெரியது அலக்நந்தாதான். பகீரதன் தவத்தால் மூல கங்கை என்ற பெருமை மட்டும் பாகீரதிக்கு. எனக்கென்னவோ அலக்நந்தாவின் மேல்தான் பிரியம். பத்ரி நாராயணன் காலடியைத் தொட்டு வருகிறவள் அல்லவா!

அப்புறம் ருத்ரப்பிரயாகை. கேதாரநாத்துக்கு மேலே சோராபாரி பனியாற்றில் புறப்படும் மந்தாகினி இங்கே சேர்கிறது. 2013 வெள்ளத்தில் கேதாரத்தைப் புரட்டிப்போட்ட ஆறு இதுதானா என்று நம்ப முடியவில்லை. கர்ணப்பிரயாகையில் பிண்டர், நந்தப்பிரயாகையில் நந்தாகினி. வண்டி நிற்கவில்லை, ஜன்னல் வழியாகக் கும்பிட்டதோடு சரி.

திருப்பிரிதி என்று நாம் சேவிக்கும் ஜோஷிமடத்துக்குக் கீழே விஷ்ணுப்பிரயாகை. நீதி கணவாய்ப் பக்கமிருந்து தௌலிகங்கா வந்து விழுகிறது. 2021 பிப்ரவரி 7-ல் மேலே பாறையும் பனியும் சரிந்து, ரிஷிகங்கா வழியாக இந்த ஆற்றில்தான் வெள்ளம் பாய்ந்தது. பாலத்தில் நின்று பார்க்கும்போது கை தானாகக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது.

பத்ரிநாத் 3,100 மீட்டர் உயரத்தில். தப்த குண்டத்தில் ஆவி பறக்கும் வெந்நீர், சில படிகள் கீழே பனி உருகி ஓடும் அலக்நந்தா. வெந்நீரில் குளித்துவிட்டுப் போய் நின்றால், பத்மாசனத்தில் பெருமாள். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அங்கிருந்து மாணா கிராமம் பக்கம்தான். பீமன் போட்ட பாலம் என்று சொல்லும் ஒற்றைப் பாறைக்கடியில் சரஸ்வதி காது அடைக்கும்படி இரைந்து வந்து, கேசவப்பிரயாகையில் அலக்நந்தாவோடு சேர்கிறது. இன்னும் மேலே போனால் சதோபந்த், பகீரத் கரக் பனியாறுகள், அலக்நந்தா பிறக்குமிடம். அதற்கு வழிகாட்டியும் நல்ல முழங்காலும் வேண்டும். எங்கள் குழுவில் இளசுகள் மட்டும் வசுதாரா அருவிப் பாதையில் நடந்தார்கள். மற்றவர்கள் சரஸ்வதி தீர்த்தம் பிடிக்க பாட்டில் தேடிக்கொண்டிருந்தோம்.