காதலிக்கத் தடை

பிரெஞ்சு கற்கத் தொடங்கியபோது முதலில் எனக்குப் பிடிபட்டது பலகை மொழிதான். 'தெஃபான்ஸ் த ஃப்யுமே' என்றால் புகைபிடிக்கத் தடை. அதனால் 'தெஃபான்ஸ் தெமே' என்ற படத் தலைப்பைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். காதலிக்கத் தடையாம்! வெளிவந்த ஆண்டைக் கவனித்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. 1942 அக்டோபர், பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம்.

படத்தின் மூலக்கதை, 1928இல் பாரிஸின் காப்யுசீன் அரங்கில் மேடையேறிய ஓர் ஆப்பெரெட்டா, அதாவது பாட்டும் வசனமும் கலந்த இலகுவான இசை நாடகம். இசை மொரீஸ் இவேன். அரங்கு மிகச் சிறியது. இசைக்குழுவுக்குப் பதில் இரண்டு பியானோக்களை வைத்தே சமாளித்தார்கள். சேமியா ராஜா என்று பெயரெடுத்த பணக்காரர் ஒருவர் தன் மகன் மாக்சிமுக்குப் பெண் பார்த்துவிடுகிறார். தப்பிக்க நினைத்த மகன், நகம் திருத்தும் வேலை பார்க்கும் தோத் என்ற பெண்ணை லண்டனில் வைத்து ஒப்புக்கு மணக்கிறான். பிறகு என்ன, ஒப்புக்குக் கட்டியவள் மேலேயே காதல் வந்துவிடுகிறது.

அந்த ஆப்பெரெட்டாவின் பெயர் 'யெஸ்'.

படத்தைத் தயாரித்த கான்டினென்டல் ஜெர்மன் பணத்தில் நடந்த நிறுவனம். தலைவர் ஆல்ஃபிரட் கிரேவன். பிரிட்டிஷ் படங்களுக்கே தடை இருந்த ஊரில், ஆங்கிலச் சொல் ஒன்றைச் சுவரொட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்களா? 'சரி' என்ற தலைப்பு போய் 'தடை' என்ற தலைப்பு வந்தது. அந்த ஜூலையில்தான் யூதர்கள் திரையரங்குக்குள் நுழையக் கூடாது என்ற ஆணையும் வந்திருந்தது. ஜெர்மானியரின் பிரச்சாரச் செய்திப்படம் ஓடும்போது மக்கள் கேலிக் குரல் எழுப்பியதால், விளக்கை முழுதும் அணைக்காமலே அதை ஓட்டினார்கள். நையாண்டி செய்தவர்கள் அதே இருக்கையில் அமர்ந்து இந்தப் படத்துக்கும் சிரித்திருப்பார்கள்.

நானும் சிரித்தேன். இயக்குநர் ரிஷார் போத்தியே பெரிய மேதை ஒன்றும் இல்லை. ஆனால் தோத்தாக வரும் சூஸி தெலேர் இருக்கிறாரே! வெல்லமும் புளியும் கலந்த குரல். மாக்சிமாக நடித்த போல் மெரீஸ், உற்சாகப் பாட்டையும் இழவு வீட்டு முகத்தோடு பாடிப் பெயர் வாங்கியவர். இந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்தினால் கதையே வேண்டாம்.

அதே ஆண்டு மார்ச்சில் பெர்லின் போன பிரெஞ்சு நடிகர் குழுவில் தெலேரும் இருந்தார். ரயிலேறும் முன் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதை ஒருமுறை பார்த்துவிட்டு மூடினேன். பிறகு தோத் பாடும் இடத்துக்குப் படத்தைத் திருப்பி ஓட்டினேன்.