கிணற்றடியில் தொங்கிய போன்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய சிகிச்சை நிலையத்தில் தாதியாக இருக்கிறேன். சீனி வருத்தம் வாசல்வரை வந்து நிற்பவர்கள்தான் என் பொறுப்பு. வெறும் வயிற்றில் எடுத்த சீனி 100க்கும் 125க்கும் நடுவே இருக்கும். நிறையைக் குறையுங்கோ என்று சொல்லி அனுப்புவோம். ஆறு மாதம் கழித்து அதே நிறையோடு வருவார்கள்.

அதனால் சாப்பாட்டையும் காலடியையும் கணக்கெடுக்கும் ஒரு செயலியைப் போனில் போட்டுக் கொடுப்போம் என்ற பேச்சு வந்தபோது முதலில் தலையாட்டியவள் நான்தான்.

முதல் இடறல் புட்டு. செயலி கிராமில் கேட்டது. இங்கே அரிசிக்கு அளவு சுண்டு, புட்டுக்கு அதை அவிக்கும் ஓலைப்பெட்டியான நீத்துப்பெட்டி. "ஒரு நீத்துப்பெட்டி எத்தினை கிராம், பிள்ளை?" என்று கேட்ட அன்ரிக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு அம்மாவின் பெட்டியில் அவித்து நிறுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் சித்தியின் பெட்டியில் வேறு கணக்கு வந்தது. தேங்காய்ப்பூ போடும் கையும் வீட்டுக்கு வீடு வேறுதானே.

அடுத்தது என் பிழை. தோட்டக்கார ஐயா ஒருவர், நிறை 84 கிலோ, சீனி 118. செயலியில் நாளுக்கு 900 காலடிகூட இல்லை. "இப்பிடி இருந்தா சரிவராது ஐயா" என்று பலர் முன்னால் சொல்லிவிட்டேன். அவர் பேசாமல் எழுந்து போனார். அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் ஆள் இல்லை. பிறகு திருநெல்வேலிச் சந்தையில் கண்டு கேட்டேன்.

"விடிய அஞ்சு மணிக்கு வெங்காயத்துக்குத் தண்ணி மாறுறன் பிள்ளை. போன் நனைஞ்சிடுமெண்டு கிணத்தடியிலை தொங்கவிடுறனான்."

உடம்பு அசையாத மனிதர் இல்லை அவர். சந்தையில் நின்றபடியே பேசியதில் மற்றதும் வெளிவந்தது: நாளுக்கு ஐந்து பால்தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி, இரவில் வயிறு முட்டச் சோறு. செயலியில் இதையெல்லாம் எழுத அவருக்குப் பொறுமையும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

2013இல் வெளிவந்த ஓர் ஆய்வை அப்போதுதான் ஒழுங்காக வாசித்தேன். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு செய்தது. 537 ஆண்கள், இரண்டு வருடம். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒரே ஆலோசனை, பாதிப் பேருக்கு மட்டும் கூடவே குறுஞ்செய்திகள். செய்தி போனவர்களில் 18 வீதம் பேருக்கு நீரிழிவு வந்தது, போகாதவர்களில் 27 வீதம். செயலியும் இல்லை, காலடிக் கணக்கும் இல்லை. நாங்களோ போனைக் கணக்குப்பிள்ளையாக்கி வைத்திருந்தோம்.

நிறையும் பெரிதாகக் குறைய வேண்டியதில்லை. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வில் இலக்கு 7 வீதம்தான். ஐயாவுக்கு அது ஆறு கிலோ. சரி, செயலியை விட்டோம். இரவுச் சாப்பாட்டை ஒரு படம் எடுத்து வைபரில் போடுங்கோ, அது போதும் என்றேன். பின்னேரம் நாலு மணிக்கு, அவர் தேத்தண்ணிக் கடைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து, நான் ஒரு வரி அனுப்புவேன். சில நாள் மறந்தும் போகும். "இண்டைக்குச் செய்தி வரேல்லை" என்று அவரே எழுதுவார்.

எட்டு மாதத்தில் 79 கிலோ. சீனி 104. நேற்று வந்த படத்தில் அரை நீத்துப்பெட்டி புட்டு, கோப்பை நிறைய முருங்கையிலை வறை. கீழே பேரப்பிள்ளையின் தட்டச்சில் ஒரு வரி: "தேங்காய்ப்பூ கிள்ளித்தான் போட்டது. மனிசியைக் கேட்டுப் பாருங்கோ."