கர்னல் பூட்டுகளை வாசித்துப் பழகுதல்: ஆறாம் வாரம்

வெள்ளவத்தை வீட்டில் இரவு வேளைகளில் நான் எழுதிவரும் லினக்ஸ் பயிற்சி டிரைவருக்கு (கர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையத்தில், ஓடும் சாதன நிரலுக்கு) இந்த வாரம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. போயா விடுமுறையன்று நாள் முழுவதும் கிடைத்ததால், அதை வேறொருவர் எழுதியதாக எண்ணி வரி வரியாக மீளாய்வு செய்தேன்.

பொதுத் தரவை ஒரே நேரத்தில் பலர் தொடாமல் காக்கும் பூட்டை எடுக்கும் இடத்தையும் விடும் இடத்தையும் சோடி சேர்த்துப் பார்த்தால் போதும் என்றே இதுவரை நம்பியிருந்தேன். அந்தக் கணக்கில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் பூட்டுகளைச் சோதிக்கும் புரூவ் லாக்கிங் தெரிவை இயக்கி, கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் கர்னலை ஏற்றிப் பார்த்தபோது, 2006 இல் 2.6.18 பதிப்புடன் வந்த, பூட்டுப் பிழைகளைக் கண்டறியும் லாக்டெப் கருவி, "இன்கன்சிஸ்டன்ட் லாக் ஸ்டேட்" (பூட்டின் நிலை முரண்படுகிறது) என்று நீண்ட அறிக்கையொன்றைக் கொட்டியது.

ஒரே பூட்டை எடுக்கும் இரண்டில், காகிதத்தின் இடப்பக்கம் ரீட் செயற்கூற்றையும் வலப்பக்கம் டைமர் செயற்கூற்றையும் எழுதி வைத்தபோதுதான் விளங்கியது. டைமர் ஓடுவது சாஃப்ட்ஐஆர்க்யூ சூழலில், அதாவது வன்பொருள் குறுக்கீடு முடிந்ததும் கர்னல் வேலைகளைச் செய்யும் சூழலில். ரீட் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை உறங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டை) வைத்திருக்கும் நேரத்தில் அதே சிபியுவில் குறுக்கீடு வந்து, அதன் முடிவில் டைமர் ஓடத் தொடங்கினால், டைமர் அந்தப் பூட்டுக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பூட்டை விட வேண்டிய ரீட்டோ டைமர் முடியாமல் நகர முடியாது. ரீட் பக்கம், பூட்டை வைத்திருக்கும்வரை அதே சிபியுவில் சாஃப்ட்ஐஆர்க்யூவைத் தடுக்கும் ஸ்பின்_லாக்_பிஎச் என மாற்றியதும் அறிக்கை மறைந்தது. அதற்கு முன் மூன்று நாள் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிய டிரைவர் அது! நடந்த முடக்கத்தை மட்டுமன்றி, நடக்கக்கூடிய முடக்கத்தையும் லாக்டெப் சொல்லிவிடுவதை நான் பெரிய கொடையாகவே கருதுகிறேன்.

ஆயினும் ஓடாத பாதை அதன் கண்ணில் படாது. டிரைவரைக் கழற்றும் செயற்கூறு, பூட்டைக் கையில் வைத்தபடியே டைமர்_டெலீட்_சிங்கை அழைத்து டைமர் முடியக் காத்திருந்தது. டைமரோ அதே பூட்டுக்காகக் காத்திருக்கும். நான் ஒருமுறைகூட டிரைவரைக் கழற்றிப் பார்க்காததால், இதை வாசித்துத்தான் பிடிக்க முடிந்தது. அழைப்பைப் பூட்டுக்கு வெளியே நகர்த்தினேன். தரவைப் பயனர் நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர் அழைப்பையும் அவ்வாறே வெளியே கொண்டுவந்தேன். அது உறங்கக்கூடும், ஸ்பின்லாக்கை வைத்துக்கொண்டு உறங்கக் கூடாது.

இப்போது ஒவ்வொரு பூட்டின் அறிவிப்புக்கு மேலும், அது எந்தப் புலங்களைக் காக்கிறது, எந்தச் சூழல்கள் அவற்றைத் தொடுகின்றன என்று குறிப்பு எழுதுகிறேன். எண்ணிக்கைப் புலத்துக்கு எழுதும்போதே, ஐஆக்டல் செயற்கூறு (டிரைவருக்குப் பயனர் நிரல் கட்டளையிடும் வழி) பூட்டே எடுக்காமல் அதைப் பூச்சியமாக்குவது தெரிந்தது. எடுக்காத பூட்டைப் பற்றி லாக்டெப் எதுவும் சொல்லாது. ஆகவே, 2020 இல் 5.8 பதிப்புடன் வந்த, பூட்டில்லாமல் ஒரே தரவை மோதித் தொடும் இடங்களைத் தேடும் கேசிஎஸ்ஏஎன் கருவியை அடுத்த வாரம் இயக்கிப் பார்க்கப் போகிறேன்.